முதலில் இடம், பிறகு சிற்பி

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பொன்விழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதையொட்டி வளாகத்தில் பெரிய சிற்பம் ஒன்றை நிறுவ ஆட்சிக்குழு முடிவு செய்து, அதற்கான குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்க முன்வந்திருக்கிறார். ஆனால் தனக்குத் தெரிந்த சிற்பியிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும் என்கிறார். முதன்மை வாயிலுக்கு எதிரே உள்ள ரவுண்டானாதான் இடம் என்று நிர்வாகம் முடிவுகட்டிவிட்டது. டெண்டர் விடாமல் ஒரு காசுகூட நகராது என்கிறது கணக்குப் பிரிவு. ஐந்து படங்களைப் போட்டு மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்குச் சிற்பக்கலை பற்றி எதுவும் தெரியாது. எதை முதலில் செய்வது?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

சிற்பக்கலை தெரியாது என்பதைக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பொறுப்புக்கு அது தடையாகாது. எந்த முடிவை எப்போது எடுப்பது என்ற தெளிவும், அந்த வரிசையைக் குலைக்க வருகிறவர்களிடம் பணிவாக மறுத்துச் சொல்லும் உறுதியும் செயலாளருக்கு இருந்தால் போதும். கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேறு ஆட்களை அழைத்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. இடம் முடிவாகிவிட்டது, தேதி முடிவாகிவிட்டது, சிற்பிகூட ஏறக்குறைய முடிவாகிவிட்டார். ஆனால் இந்தச் சிற்பம் எதற்கு, தினமும் அதைப் பார்க்கப்போவது யார், திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அதைக் கவனிக்கப்போவது யார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த வளாகங்களில் கெட்டுப்போன திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே கெட்டுப்போனவை. சிற்பியின் திறமைக்குறைவால் கெட்டவை மிகக் குறைவு.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். ரவுண்டானாவை எல்லாரும் ஏன் முதலில் கைகாட்டுகிறார்கள் என்பது புரிகிறது. உள்ளே நுழைந்ததும் தெரியும், புகைப்படத்தில் விழும், விருந்தினருக்குக் காட்டலாம். ஆனால் அங்கே சிற்பத்தைப் பார்ப்பவர் வண்டிக்குள் இருப்பார். வளைவில் திரும்புகிற சில நொடிகள்தான் அது அவர் கண்ணில் படும். நடந்து போகிறவர் பக்கத்தில் போய்ப் பார்க்க நினைத்தால் ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது என்பதால், உயரமான பீடத்தில் ஏற்றுங்கள் என்றோ கீழ்ப்பகுதியை மெலிதாக்குங்கள் என்றோ போக்குவரத்தைக் கவனிப்பவர்கள் சொல்வார்கள், நியாயமாகவே. குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் பல வளாகங்களில் அந்த வட்டத்துக்கு அடியில்தான் போகின்றன. இத்தனை விட்டுக்கொடுத்த பிறகு அங்கே நிற்பது ஒரு பெயர்ப்பலகையின் வேலையைத்தான் செய்யும்.

நகரத்துச் சதுக்கத்தில் இருக்கும் சிற்பத்தைக் கடப்பவர்களில் பலர் வழிப்போக்கர்கள். பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. ஒரே மாணவி மூன்று நான்கு ஆண்டுகள், வெயிலிலும் மழையிலும், தேர்வுக் கலக்கத்திலும் நண்பர்களோடு சிரித்துக்கொண்டும், அதே சிற்பத்தைத் தாண்டி நடக்கிறாள். முதல் வாரத்தில் பிடிபடாத ஒன்று மூன்றாம் ஆண்டில் பிடிபடலாம். பொதுவெளிக் கலைக்கு இவ்வளவு நீண்ட பழக்கமுள்ள பார்வையாளர் வேறெங்கும் அமைவது அரிது. அந்த வாய்ப்பை வீணாக்காமல், மக்கள் நடக்கிற, காத்திருக்கிற, உட்காருகிற இடத்தைத் தேடுங்கள்.

உங்கள் துறைக்குப் பக்கத்திலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் கட்டடத்தை ஒட்டி மாயா லின் 1995-ல் 'வேவ் ஃபீல்ட்' என்ற படைப்பை அமைத்தார். கல்லும் இல்லை, உலோகமும் இல்லை. மண்ணையும் புல்லையும் கொண்டு வரிசை வரிசையாக அலைகள். அந்தத் துறையின் பாடங்களைப் புரிந்துகொள்ள முயன்றபோது, பாய்ம இயக்கவியலில் வருகிற ஸ்டோக்ஸ் அலையின் படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து பிறந்த வேலை அது. மாணவர்கள் அலையின் பள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். இன்னொன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி மூர் செய்த 'நியூக்ளியர் எனர்ஜி'. சுமார் 12 அடி உயர வெண்கலம். இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு 1942 டிசம்பர் 2 அன்று கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலாக நடத்திய இடத்திலேயே அது நிற்கிறது. சரியாக 25 ஆண்டு கழித்து, 1967-ல் அதே தேதியில் திறந்தார்கள். ஒரு பக்கம் மண்டையோடு, இன்னொரு பக்கம் அணுகுண்டு வெடிப்பின் காளான் மேகம் என்று தோன்றும் அந்த உருவத்தை வேறு வளாகத்துக்குக் கொண்டுபோனால் அதன் பொருளில் பாதி கழன்றுவிடும்.

இடத்தைச் சிற்பியே தேர்ந்தெடுக்க விடுகிற வழக்கமும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 1981-ல் தொடங்கிய ஸ்டூவர்ட் தொகுப்பு அப்படித்தான் வளர்ந்தது. கலைஞர்களை வரவழைத்து, வளாகம் முழுவதையும் சுற்றிப் பார்க்கவிட்டு, எங்கே என்ன செய்யலாம் என்று அவர்களையே சொல்லச் சொன்னார்கள். அலெக்சிஸ் ஸ்மித் 1992-ல் அங்கே 560 அடி நீளப் பாம்பு ஒன்றை நடைபாதையாகவே போட்டார். நூலகத்துக்குப் போகிறவர்கள் அதன் முதுகில் நடந்துதான் போகிறார்கள். நிகி த சான் ஃபால் 1983-ல் நிறுவிய வண்ணப் பறவையின் பெயரில் மாணவர்கள் ஆண்டு விழாவே நடத்தத் தொடங்கினார்கள். அந்த அன்பு எந்த விதியாலும் ஆணையாலும் வரவழைத்ததன்று. மாணவர்கள் கூடுகிற புல்வெளியில் அது இருந்தது, அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை இது. வளாகப் பொறியாளரையும் தோட்டப் பராமரிப்புக்குப் பொறுப்பானவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். காலையில் ஒருமுறை, வகுப்பு மாறும் நேரத்தில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை. எந்த மரத்தடியில் கூட்டம் சேர்கிறது, எந்த முற்றம் எப்போதும் காலியாகக் கிடக்கிறது, ஏன் என்று பாருங்கள். பிறகு மூன்று இடங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். நிலத்தடியில் போகும் குழாய், கேபிள், மண்ணின் தாங்குதிறன், மழைநீர் வடியும் திசை, மரவேர், கிரேன் வந்து நிற்க வழி, தீயணைப்பு வண்டி போகும் பாதை, அடுத்த பத்தாண்டில் அங்கே கட்டடம் வரும் திட்டம் உண்டா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்க மறந்து, நிறுவி நான்கே ஆண்டில் சிற்பத்தைப் பெயர்த்து எடுத்த ஒரு வளாகத்தை நான் பார்த்திருக்கிறேன். ரவுண்டானாவை விட நிர்வாகத்துக்கு மனம் வராவிட்டால், மூன்று இடங்களில் ஒன்றாக அதையும் வையுங்கள். சிற்பி மூன்றையும் பார்த்த பிறகே இடம் இறுதியாகும் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணை.

அடுத்தது கொடையாளர். அவர் நல்ல மனதோடு வந்திருக்கிறார். மரியாதையோடு பேசுங்கள், ஆனால் இப்போதே பேசுங்கள். பணத்தோடு சிற்பியையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் பிறகு உங்கள் குழுவுக்கு வேலையே இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் புட்னம் தொகுப்பை அவருக்குச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது இறந்த ஜான் புட்னம் என்ற மாணவரின் நினைவாக 1968-ல் வந்த கொடை அது. கொடுத்தவர் பெயரை வெளியிடவில்லை. எந்தச் சிற்பம் என்ற முடிவை, அங்கே படித்து அருங்காட்சியக இயக்குநர்களாக உயர்ந்தவர்களின் குழுவிடம் விட்டார்கள். பிக்காசோ, மூர், கால்டர், நோகுச்சி என்று உலகம் போற்றும் பெயர்கள் அந்த வளாகத்துக்கு வந்தது அந்த வழியில்தான். உங்கள் கொடையாளர் விரும்பும் சிற்பியின் பெயரை மற்றவர்களோடு சேர்த்துப் பட்டியலில் வைக்கலாம். தகுதி இருந்தால் அவரே வெல்லட்டும். கொடையாளர் தேர்வுக் குழுவில் ஓர் உறுப்பினராக இருக்கலாம், ஒரு வாக்கோடு. இதையெல்லாம் கொடைக் கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் வரவு வைக்கப்பட வேண்டும்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேளுங்கள். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைப்பு நிதியில் போட்டு, அதன் வட்டியைச் சிற்பத்தின் பராமரிப்புக்கு மட்டும் செலவிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்பது நான் எப்போதும் கேட்கும் அளவு. வேலையின் தன்மைக்கு ஏற்பக் கூடலாம், குறையலாம். திறப்பு விழாவுக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் சாரம் கட்டித் துரு சுரண்ட யாரும் தரமாட்டார்கள். கொடையாளர்களிடம் இதை நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் தங்கள் பெயர் பொறித்த ஒன்று பாசி படிந்து நிற்பதை அவர்களும் விரும்புவதில்லை.

கணக்குப் பிரிவின் கவலையும் நியாயமானதே. பொதுப் பணத்துக்கு விதிமுறை வேண்டும். ஆனால் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற டெண்டர் முறை சிற்பத்துக்குப் பொருந்தாது. மெல்லிய தகடும் மலிவான வார்ப்பும்தான் வந்து சேரும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. தொகையை நீங்களே முன்கூட்டி அறிவித்துவிடுங்கள்: இவ்வளவு பணம், இந்தத் தொகைக்குள் உங்களால் முடிந்த சிறந்த படைப்பைத் தாருங்கள் என்று. அப்போது விலையில் போட்டி இல்லை, தரத்தில் மட்டுமே போட்டி. அடித்தளம், மின்இணைப்பு, நடைபாதை போன்ற கட்டுமான வேலைகளைத் தனியாகப் பிரித்து வழக்கமான டெண்டரில் விடலாம். மதிப்பீட்டு அளவுகோல்களையும் மதிப்பெண்களையும் எழுத்தில் வைத்தால் தணிக்கைக்கும் பதில் இருக்கும். கலைஞரின் ஊதியத்தைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். அது காட்டப்படாத மதிப்பீடுகளில், உலோக விலை ஏறினால் முதலில் அடிபடுவது அந்தக் கலைஞரின் சாப்பாடுதான். எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதமாவது ஒதுக்குங்கள்.

தேர்வுக் குழு ஏழு பேருக்கு மேல் போக வேண்டாம். போட்டியில் இல்லாத ஒரு மூத்த சிற்பி, ஒரு கட்டடக் கலைஞர் அல்லது நிலவடிவமைப்பாளர், கலை வரலாறு தெரிந்த ஒருவர், வளாகப் பொறியாளர், இரண்டு மாணவர்கள், கொடையாளர். செயலாளர் என்ற முறையில் நீங்கள் வாக்கில்லாமல் நடத்திச் செல்லுங்கள், அப்போதுதான் எல்லாரும் உங்களை நம்புவார்கள். விண்ணப்பங்களை அழைக்கும்போது புதிய வடிவமைப்பு எதையும் கேட்காதீர்கள். முன்பு செய்த வேலைகளின் படங்களும் ஒரு பக்கக் கடிதமும் போதும். அவற்றிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்து, பயணச் செலவும் ஊதியமும் கொடுத்து வளாகத்துக்கு அழையுங்கள். இடங்களைப் பார்க்கட்டும், மாணவர்களோடு பேசட்டும், பிறகு சிறு மாதிரி செய்து தரட்டும். ஊதியமில்லாமல் வடிவமைப்பு கேட்பது பல வாரத்து உழைப்பை இலவசமாகக் கேட்பது, நல்லவர்கள் வரமாட்டார்கள். தேர்வில் நான் தவறாமல் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சிற்பி செய்து பத்தாண்டாவது வெளியில் நின்ற ஒரு வேலையைப் போய்ப் பார்ப்பேன். அதைப் பராமரிக்கிறவரிடம் பேசுவேன். புதிதாகப் பளபளக்கும் படங்கள் சொல்லாததை அந்தப் பத்து நிமிடப் பேச்சு சொல்லிவிடும்.

ஐந்து படங்களுக்கு வாக்கெடுப்பு என்ற யோசனையை மட்டும் கைவிடச் சொல்வேன். மாணவர்களைக் கேட்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கைபேசித் திரையில் ஒரு நொடியில் பிடிக்கிற படம் வெல்லும். அதே உருவம் 15 அடி உயரத்தில் மூன்று ஆண்டு கண்முன் நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதை அந்தப் படம் காட்டாது. மாணவர்களை அதற்கு முன்பே கேளுங்கள். எங்கே சந்திக்கிறீர்கள், எங்கே தனியாக உட்காரப் பிடிக்கும், இந்த வளாகத்தில் எதைக் காணோம் என்று கேளுங்கள். அந்தப் பதில்களைத் தொகுத்துச் சிற்பிகளிடம் கொடுங்கள். இறுதி வடிவம் தேர்வான பிறகு, தயாரிப்புத் தொடங்குமுன், சாரக் கம்புகளையும் துணியையும் கொண்டு அதே அளவில் ஒரு உருவை அதே இடத்தில் சில நாள் நிறுத்துங்கள். எங்கே வழி மறிக்கிறது, எங்கே நிழல் விழுகிறது, யார் முகம் சுளிக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ அதுதான் கடைசி வாய்ப்பு.

கேட்காமல் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா செய்த 'டில்டட் ஆர்க்' எல்லாருக்கும் தெரிந்த பாடம். 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட வளைந்த எஃகுச் சுவர், 1981-ல் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே நிறுவப்பட்டது. தினமும் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்த ஊழியர்கள் எதிர்த்தார்கள். 1985-ல் பொது விசாரணை, 1989-ல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். அது மகத்தான படைப்பு என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் அங்கே வேலை பார்த்தவர்களிடம் முன்கூட்டிப் பேசாமல் விட்டது இன்னும் வருத்தமாக இருக்கிறது. வளாகங்களிலும் இது நடக்கும். கானா பல்கலைக்கழகத்தில் இந்திய அரசு பரிசளித்த காந்தி சிலை 2016 ஜூனில் நிறுவப்பட்டது. காந்தி கறுப்பின மக்களைப் பற்றி இளமையில் எழுதியவற்றைச் சுட்டிக்காட்டி ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் அதை அகற்றினார்கள். பரிசாக வருகிறதே என்று வாங்கி வைப்பதிலும் அதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள்மீது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அதன் நினைவாக ஜார்ஜ் சீகல் 1978-ல், விவிலியக் கதையில் கடவுளின் கட்டளைப்படி மகனைப் பலியிடத் துணிந்து கத்தியோடு நிற்கும் ஆபிரகாமையும் மண்டியிட்டிருக்கும் மகன் ஈசாக்கையும் வெண்கலத்தில் செய்தார். பல்கலைக்கழகம் பொருத்தமில்லை என்று மறுத்துவிட்டது. அந்தச் சிற்பம் இன்று பிரின்ஸ்டனில் நிற்கிறது. அதைப் பார்க்கும் யாருக்கும் அது எங்கே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. உங்கள் நடைமுறையில் ஆட்சிக்குழுவின் ஒப்புதல் ஒரே ஒருமுறை, சிறு மாதிரியும் எழுத்து விளக்கமும் கைக்கு வந்த கட்டத்தில் கேட்கப்பட வேண்டும். அங்கே தாராளமாகக் கேள்வி கேட்கட்டும், மறுக்கவும் செய்யட்டும். ஒப்புக்கொண்ட பிறகு முகத்தை மாற்று, கையில் புத்தகம் கொடு என்று யாரும் பட்டறைக்குச் செய்தி அனுப்பக் கூடாது.

பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இயற்பியல் படித்தவர் என்பதால் இதில் நீங்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கேள்வி கேட்பீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் சிற்பத்தின்மீது அழுத்தம் நான்கு மடங்காகும். மெலிதாக, உயரமாக, இறக்கை விரித்து நிற்கும் வடிவங்களுக்கு அதுவே முதல் கணக்கு. 10 மீட்டர் நீள எஃகு 30 பாகை வெப்ப மாற்றத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் எங்காவது வளையும், அல்லது விரிசல் விடும். பெரிய வெண்கலச் சிற்பங்கள் உள்ளே கூடானவை, சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். உள்ளே சேரும் ஈரம் வடிய அடியில் துளை இல்லையென்றால் தாங்கும் சட்டகம் துருப்பிடிக்கும். வெண்கலத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் பிணைத்தால், மழை பெய்யும் நாளெல்லாம் அது ஒரு மின்கலமாக வேலை செய்து இரும்பைத் தின்னும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. காங்கிரீட் சிற்பங்கள் உள்ளிருந்து வெடிப்பது அதனால்தான். துருவையே மேல்தோலாகக் கொள்ளும் கார்-டென் (Cor-Ten) எஃகு அழகானது, ஆனால் முதல் சில மழைக்காலங்களில் சுற்றியுள்ள தளக்கல்லைக் காவி நிறமாக்கிவிடும். தண்ணீர் எங்கே வடிகிறது என்று முன்பே பாருங்கள். கடற்காற்று உள்ள இடமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 தரம் போதாது, 316 கேளுங்கள்.

ஏறக் கூடாது என்று பலகை வைப்பதால் யாரும் ஏறாமல் இருக்கப்போவதில்லை. கை எட்டும் உயரத்தில் உள்ளது எல்லாம் தொடப்படும், கால் வைக்க இடமிருந்தால் ஏறப்படும். ஏறினாலும் தாங்கும்படி பொறியாளர் கணக்குப் போடட்டும். கூர்முனையும், தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளியும் இருக்கக் கூடாது. உலோகத் திருட்டையும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் ஹென்றி மூர் அறக்கட்டளையின் நிலத்திலிருந்தே 2005 டிசம்பரில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அவருடைய வெண்கலச் சிற்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; பழைய உலோகமாக உருக்கப்பட்டிருக்கும் என்று போலீஸ் கருதியது.

விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938-ல் செய்த 'சந்தால் குடும்பம்' சிமெண்டும் அந்த மண்ணின் செம்பாறைச் சரளையும் கலந்து செய்தது. பீடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கூடையும் குழந்தையுமாக அந்தக் குடும்பம் அதே தரையில் நடந்து போகிறது. இந்தியாவின் நவீன சிற்பக்கலையைப் பேசும் எவரும் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. இதற்கு நேர்மாறாக, நீடிக்காத பொருளால் ஒரு நல்ல கருத்து சிதைந்ததும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 1969-ல் கிளேஸ் ஓல்டன்பர்க் 24 அடி உயர லிப்ஸ்டிக்கை டாங்கிச் சக்கரங்களின்மேல் நிறுத்தினார். போர் எதிர்ப்புக் காலம், மாணவர்கள் சேர்ந்து கேட்டு வாங்கிய படைப்பு. ஆனால் நுனி மெல்லிய வினைல், சக்கரம் ஒட்டுப்பலகை. ஓராண்டுக்குள் நைந்து, அகற்றப்பட்டது. பிறகு எஃகு, அலுமினியம், ஃபைபர் கிளாஸ் கொண்டு மறுபடி செய்து 1974-ல்தான் வளாகத்துக்குத் திரும்பியது.

ஒப்பந்தத்தை உங்கள் சட்டப் பிரிவு தன்னிடமுள்ள கட்டுமான ஒப்பந்தப் படிவத்தில் எழுத முயலும். விடாதீர்கள். சிற்பத்தை வாங்கியதும் அது பல்கலைக்கழகத்தின் உடைமை. ஆனால் அதன் பதிப்புரிமை, எழுதி மாற்றித் தந்தாலொழிய, பெரும்பாலும் படைத்தவரிடமே இருக்கும். படத்தைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகளில் பயன்படுத்தவும், அதே சிற்பத்தின் இன்னொரு பிரதியை வேறெங்கும் நிறுவாதிருக்கவும் தனித்தனிப் பிரிவுகள் வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, சிதைக்கவோ திரிக்கவோ கூடாது என்று படைப்பாளிக்குள்ள தார்மிக உரிமை. பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-லேயே சேர்க்கப்பட்டது அது. நாட்டுக்கு நாடு அதன் எல்லை மாறும், உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கை அவரிடம் குறிப்பிடுங்கள். டெல்லியில் அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனுக்குச் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் புதுப்பிப்பு வேலையின்போது கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பல பகுதிகள் காணாமலும் போயின. எஞ்சியதைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. இடம் மாற்ற வேண்டி வந்தால் சிற்பிக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது, பழுதுபார்க்க முதலில் யாரை அழைப்பது என்பதையெல்லாம் இருவரும் நட்பாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கையெழுத்தானதும் ஒன்று, முழு அளவு மாதிரி ஏற்கப்பட்டதும் ஒன்று, வார்ப்போ வெட்டுவேலையோ பாதி முடிந்து குழு பட்டறையில் பார்த்ததும் ஒன்று, நிறுவியதும் ஒன்று. சிறு பகுதியை ஒரு மழைக்காலம் கழித்து விடுவியுங்கள். நிறுவும்வரை காப்பீடு யார் பொறுப்பு, சிற்பி நோயுற்றால் அல்லது இறந்தால் வேலையை யார் முடிப்பது என்பதும் இருக்கட்டும். கடைசித் தவணைக்கு முன்பு பராமரிப்புக் குறிப்பேடு உங்கள் கைக்கு வர வேண்டும்: உலோகக் கலவை, வண்ணக் குறியீடு, எதைக் கொண்டு கழுவுவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுவது. அதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் சிற்பியே நேரில் விளக்கட்டும். நல்ல மேல்நிறம் கொண்ட வெண்கலத்தை அமிலம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் குற்றம் தேய்த்தவருடையதாகாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இனி அந்த எட்டு மாதம். போதாது. தேர்வுக்கு மூன்று நான்கு மாதம், வடிவமைப்புக்கும் ஒப்புதலுக்கும் அதே அளவு, பெரிய வெண்கல வேலை என்றால் களிமண், அச்சு, மெழுகு, வார்ப்பு, இணைப்பு, நிறமேற்றல் என்று அதன்பிறகு ஓராண்டு ஆகலாம். அடித்தளக் காங்கிரீட் முழு வலிமை பெறுவதற்கே 28 நாள் விடுவார்கள். விழாத் தேதிக்காக அவசரப்படுத்தினால் வெட்டப்படுவது மாணவர்களிடம் பேசும் நாட்களும் பட்டறைச் சோதனையும்தான்.

துணைவேந்தரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பொன்விழா அன்று இடம் தயாராக இருக்கும். நடைபாதை, இருக்கை, மரநிழல் எல்லாம் முடிந்திருக்கும். தேர்வான சிற்பியின் மாதிரி நூலகத்தில் காட்சிக்கு இருக்கும், அவர் அன்று மாணவர்கள் முன் பேசுவார். மற்ற இரண்டு சிற்பிகளின் மாதிரிகளையும் பக்கத்திலேயே வைக்கலாம், அவர்கள் சம்மதித்தால். விழா மேடையில் அறிவிக்கத் தேவையான அளவுக்கு அது பெரிய செய்தி. சிற்பம் அடுத்த ஆண்டு பட்டமளிப்பு விழாவுக்கு வரட்டும். துணைவேந்தர் தேதியை விட்டுக்கொடுக்க மறுத்தால், ஆறு மாதம் மட்டும் நிற்கும் தற்காலிகப் படைப்பு ஒன்றை உங்கள் நுண்கலை மாணவர்களிடமோ ஓர் இளம் சிற்பியிடமோ தனிச் செலவில் கேளுங்கள். நிரந்தரச் சிற்பத்துக்கான பணத்தை அதற்காகத் தொடாதீர்கள்.

மூன்று இடக் குறிப்புகளும் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். கொடைக் கடிதத்தின் வரைவையும் சேர்த்து அனுப்பினால், சிற்பிகளுக்கான அழைப்பு எழுதுவதற்கு முன் இரண்டையும் படித்துக் கருத்து எழுதுகிறேன்.